யான் சாலையில் இரண்டு சைக்கிள்கள்

கடலோரமாகச் சைக்கிளில் போக வேண்டும் என்று ஆசைப்பட்டவள் என் மனைவி. யான் என்கிற ஊருக்குப் போகும் அந்தச் சாலையை நினைத்துப் பயந்தவளும் அவள்தான். இரண்டும் ஒரே ஆளுக்குள் எப்படி இருக்கும் என்று நான் அவளைக் கிண்டல் செய்திருக்கிறேன். இன்றைக்கு அதை நினைத்தால் வாய் கசக்கிறது.

கெடாவில், சுங்கை லாலாங்கில் ஒரு தாமான் குடியிருப்பில்தான் எங்கள் வீடு. நான் சுங்கைப் பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கிறவன். அவள் ஒரு கிளினிக்கில் முன்மேசையில் பெயர் பதிகிற வேலை பார்க்கிறாள். ஒரே மகள், ஜொகூரில் வேலை. மனைவிக்குச் சர்க்கரை கூடிப்போய், டாக்டர் உடம்பை அசைக்கச் சொன்ன வருஷம் இரண்டு சைக்கிள் வாங்கினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் எஸ்டேட் செம்மண் பாதைகளில் போவோம். இரண்டு பக்கமும் செம்பனை. எப்போதாவது பழம் ஏற்றின டிராக்டர் வரும், ஓட்டுகிறவர் கையைத் தூக்கிவிட்டுப் போவார். அங்கே பயம் என்று ஒன்றும் இல்லை. அங்கேதான் அவளுக்கு ஆசை வளர்ந்தது.

“ஒருநாள் யான் பக்கமா கடலோரம் போவோங்க. அப்படியே குவாலா கெடா, பெர்லிஸ் வரைக்கும். மூணு நாள் போதும்.”

சொன்ன கையோடு சாலையைப் பற்றிப் பயப்படவும் ஆரம்பித்துவிட்டாள். கிளினிக்குக்கு விபத்தில் அடிபட்டவர்கள் கட்டு மாற்ற வருவார்கள். எந்த வளைவில், எந்தச் சிம்பாங் சந்திப்பில், எத்தனை மணிக்கு என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுவிட்டு வந்து என்னிடம் சொல்வாள். கைப்பிடியில் பொருத்துகிற சின்னக் கண்ணாடி வாங்கினாள். பின்பக்கத்துக்குச் சிவப்பு விளக்கு, இரண்டு பேருக்கும் மஞ்சள் சட்டை, சைக்கிளுக்குப் பின்னால் நட்டுவைக்க ஆரஞ்சுக் கொடி. என் சைக்கிளிலும் கண்ணாடி மாட்டச் சொன்னாள். “எனக்குக் காது கேக்குது லா” என்று மறுத்துவிட்டேன்.

புறப்படுவதற்கு முதல் நாள் சாயங்காலம், முன்வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தபோது, ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் என்னிடம் வாக்கு வாங்கினாள்.

“நான் முன்னால போறேன். நீங்க பின்னால வாங்க. பக்கத்துல வரவே கூடாது. ஏதாச்சும் பேசணும்னா நிறுத்திட்டுப் பேசுவோம்.”

“சரிம்மா.”

“சும்மா சரி சொல்லாதீங்க.”

“சரின்னு சொன்னா சரிதான்.”

மறுநாள் வெளுக்கும்போது கிளம்பினோம். பீடோங் தாண்டி மெர்போக் போகிற வரைக்கும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஓட்டினோம். காரில் போகும்போது அது நல்ல சாலைதான். சைக்கிளில் போனால்தான் அதற்கு ஓரம் என்று ஒன்று கிடையாது என்பது தெரிகிறது. வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சாண் தார், அதற்கப்புறம் புல், புல்லுக்குள் என்ன பள்ளம் என்று தெரியாது. கல் ஏற்றின லோரி தாண்டும்போது முதலில் காற்று நம்மை வெளியே தள்ளும். லோரியின் வால் கடந்ததும் அதே காற்று நம்மை உள்ளே இழுக்கும். கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் சைக்கிள் இன்னும் ஆடும். எதிர்த்திசையில், நம் ஓரத்திலேயே, மோட்டாரில் வருகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு அது குறுக்குவழி. நேருக்கு நேர் வந்து கடைசி நொடியில் சிரித்துக்கொண்டே விலகுவார்கள்.

என் மனைவி ஒவ்வொன்றுக்கும் முன்னாலிருந்து கையால் ஜாடை காட்டிக்கொண்டே போனாள். குழி என்றால் விரலைக் கீழே நீட்டுவாள். வண்டி நிற்கிறது என்றால் கையை முதுகுக்குப் பின்னால் வைத்து வலது பக்கம் காட்டுவாள். நான் நல்ல பிள்ளையாகப் பின்னால் போனேன். செமெலிங்கில் ரொட்டி சானாய் சாப்பிட்டோம். அவளுக்கு முகமெல்லாம் வியர்வை, முகமெல்லாம் சந்தோஷம்.

சிங்கிர் தாண்டியதும் சாலை மாறியது. லோரிகள் குறைந்தன. இடது பக்கம் தென்னைகளுக்கு நடுவே கடல் விட்டுவிட்டுத் தெரிந்தது. வலது பக்கம் கெடா மலை, உச்சியில் மேகம். யான் நெருங்க நெருங்க வயல்கள் வந்தன. அறுப்பு முடிந்து தண்ணீர் கட்டியிருந்தார்கள். அறுவடை மெஷின் ஏறி இறங்கிய இடங்களில் சாலையில் சேறு காய்ந்து கிடந்தது. அவள் அதையும் கைகாட்டிவிட்டுப் போனாள்.

ஒரு வயல் முழுக்க நாரைகள் நின்றன. நத்தை தின்கிற பெரிய நாரைகள். நூற்றுக்கணக்கில், எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு. அவ்வளவு நாரையை நான் ஒரே இடத்தில் பார்த்ததில்லை. அவள் கண்ணாடியையும் சாலையையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு போகிறாள், இதைப் பார்க்காமலே தாண்டிவிடுவாள் என்று தோன்றியது. நான்கு மிதி வேகமாக மிதித்து அவளுக்கு வலது பக்கத்தில் போய்ச் சேர்ந்தேன்.

“அங்க பாரு.”

“பின்னால போங்க.”

“பாரேன், எவ்வளவு கொக்கு.”

“காடி வருதுங்க, கண்ணாடியில தெரியுது. பின்னால போங்க.”

“காலி ரோடுதானே. அவன் ஒதுங்கிப் போவான்.”

கார் ஒதுங்கித்தான் போனது. எங்களை நன்றாக விட்டு, தாராளமாக ஒதுங்கிப் போனது. அந்த இடத்தில் சாலை லேசாக வலது பக்கம் வளைகிறது. வளைவின் உள்பக்கத்தில் வாழைகள். வாழைகளுக்குப் பின்னாலிருந்து எதிரே ஒரு மோட்டார் வந்தது. சத்தம் நான் நினைத்த மாதிரி பெரிதாக இல்லை. தகர டப்பாவை யாரோ காலால் உதைத்த மாதிரி இருந்தது. காரின் வலது முன்மூலை மோட்டாரின் கைப்பிடியைத் தட்டியிருந்தது. மோட்டார் தனியாகக் கொஞ்ச தூரம் போய், பாரிட் என்று இங்கே சொல்கிற வாய்க்காலின் சிமெண்டுக் கரையில் மோதி நின்றது. அதை ஓட்டி வந்தவர் சாலை ஓரத்தில் கிடந்தார்.

ஐம்பது வயதிருக்கும் மலாய்க்காரப் பெண். ஹெல்மெட் தலையில்தான் இருந்தது. என் மனைவி சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினாள். நான் போனை எடுத்து அவசர எண்ணை அழுத்தினேன். எந்த இடம் என்று கேட்டார்கள். யான் போகும் வழி, வாழைத்தோட்டம், வளைவு என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அந்தப் பெண் முழித்துக்கொண்டுதான் இருந்தார். ரத்தம் கொஞ்சம்தான். இடது கால் மட்டும் இருக்கக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. பிளாஸ்டிக் பை கிழிந்து, கெம்போங் மீன்கள் ஐஸ் கட்டியோடு தாரில் சிதறிக் கிடந்தன.

ஹெல்மெட்டுக்குக் கீழே அவருடைய முக்காடு விலகி, கழுத்தும் கொஞ்சம் முடியும் தெரிந்தது. அவர் ஒரு கையைத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. என் மனைவிக்கு உடனே புரிந்தது. என்னைத் திரும்பிக்கொள்ளச் சொல்லிவிட்டு, துணியை இழுத்துச் சரிசெய்து தாடைக்குக் கீழே சொருகினாள். அவர் ‘தெரிமா காசே’ என்று நன்றி சொன்னார். பிறகு, மீன் வெயிலில் கெட்டுப்போகும் என்றார். என் மனைவி ஒவ்வொன்றாகப் பொறுக்கி எங்கள் சாப்பாட்டுப் பையில் போட்டாள். அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் கண்ணை மூடிவிட்டார். மூச்சு இருந்தது.

காரை ஓட்டியது ஒரு தமிழ்ப் பெண். இருபத்து நாலு, இருபத்தைந்து வயதுதான் இருக்கும். பின்சீட்டில் அவளுடைய அம்மா அழுதுகொண்டிருந்தார். பாடாங் செராய்க்காரர்கள். யானில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்களாம். அந்தப் பெண் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு சாலையோரப் புல்லில் உட்கார்ந்திருந்தாள். நான் தண்ணீர் போத்தலை நீட்டினேன். வாங்கினாள், குடிக்கவில்லை.

“அங்கிள், உங்க மேல பட்டுறக் கூடாதுன்னுதான் அவ்வளவு ஒதுங்கினேன். சாரி அங்கிள்.”

என்னிடம் சாரி கேட்டாள். நான் பரவாயில்லைம்மா என்றேன்.

போலீஸ்காரர் வந்து சாலையில் சுண்ணாம்பால் கோடு போட்டார். படம் எடுத்தார். பிறகு எங்களிடம் வந்து பெயர், ஐ.சி. எண் எல்லாம் எழுதிக்கொண்டு, பேனாவைத் தூக்காமலே கேட்டார்.

“எப்படி ஓட்டிக்கொண்டிருந்தீர்கள்? சத்து பெலாகாங் சத்து?”

ஒருவர் பின்னால் ஒருவரா என்று கேட்கிறார். நான் யோசிக்கவில்லை. யோசித்துச் சொன்ன பொய் என்றால் இன்றைக்கு என்னால் என்னைக் கொஞ்சமாவது புரிந்துகொள்ள முடியும். அவர் கேட்டு முடிப்பதற்குள் “ஆமாம் துவான், ஒருவர் பின்னால் ஒருவர்” என்று சொல்லிவிட்டேன். அவர் என் மனைவியைப் பார்த்து, அக்கா என்று மலாயில் கூப்பிடுகிற மாதிரி, “காக்கா?” என்றார். அவள் சாலையைப் பார்த்தபடி தலையை ஆட்டினாள். அவர் எழுதிக்கொண்டார். பிற்பகல் போலீஸ் பாலாயில் அதையே தட்டச்சு செய்து கொடுத்தார்கள். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

பக்கத்துக் கம்பத்து ஊர்க்காரர் ஒருவர் சைக்கிள்களைத் தன் பிக்கப்பில் ஏற்றி எங்களை வீடுவரை கொண்டுவந்து விட்டார். வழி முழுக்க எங்களுக்கு ஆயுசு கெட்டி என்று சொல்லிக்கொண்டே வந்தார். மீன்களை அடிபட்ட அம்மாவின் வீட்டில் சேர்க்கச் சொல்லி அவரிடமே கொடுத்தனுப்பினோம். அந்த அம்மாவின் பெயர் என்ன, வீடு எங்கே என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. மறுநாள் மத்தியானம் அவரே போன் செய்தார். அந்த அம்மா ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார் என்று சொல்லிவிட்டு வைத்தார்.

அதற்கப்புறம் எங்கள் இரண்டு பேருக்குள் அதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. என் அக்கா வந்து, எங்கள் பெயரில் கோயிலில் அர்ச்சனை செய்ததாகச் சொல்லித் திருநீறு கொடுத்தாள். என் மனைவி கையில் வாங்கி, பூசிக்கொள்ளாமல் சாமி மேடையில் வைத்துவிட்டாள். எல்லாரும் கதை கேட்டார்கள். நான் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் ‘நான் பின்னால வந்துக்கிட்டிருந்தேன்’ என்றே சொன்னேன். சொல்லச் சொல்ல, பத்தடி பின்னாலிருந்து அவள் முதுகையும் கொடியையும் பார்த்ததுபோலவே எனக்கு ஞாபகம் வர ஆரம்பித்தது. பொய் அவ்வளவு சீக்கிரம் காய்ந்து கெட்டியாகிவிடும் என்று எனக்குத் தெரியாது. அவள் மட்டும், நான் கதை சொல்ல ஆரம்பித்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

ஐந்தாறு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் கார் ஓட்டிய பெண்ணின் அப்பா வந்தார். பாடாங் செராய் பக்கம் ஓர் எஸ்டேட்டில் டிராக்டர் ஓட்டுகிறவர். எங்கள் விலாசத்தை யார் யாரிடமோ கேட்டு விசாரித்துக்கொண்டு, பஸ்சில், ஒரு சீப்பு பிசாங் எம்பாஸ் பழத்தோடு வந்திருந்தார். உட்காரச் சொன்னோம். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

“அண்ணே, தொந்தரவு பண்ண வரல. மக மேல கேஸ் போடப் போறாங்க. கவனம் இல்லாம ஓட்டுனதுன்னு. நீங்க பார்த்தீங்கல்ல, வேகமா ஓட்டலன்னு மட்டும் சொன்னீங்கன்னா போதும்.”

“வேகமெல்லாம் இல்ல. கண்டிப்பா சொல்றேன்.”

“நல்லா இருப்பீங்க.” கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார். “அது இன்னொண்ணு சொல்லிக்கிட்டே இருக்குண்ணே. நீங்க ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல வந்தீங்களாம், அதனாலதான் அவ்வளவு தூரம் ஒதுங்குனேன்னு. போலீஸ்ல அவங்க அப்படிச் சொல்லலியேன்னு கேட்டிருக்காங்க. நானும் சொல்லிட்டேன், பயத்துல உனக்குத் தப்பாத் தெரிஞ்சிருக்கும்மா, பெரியவங்க அவங்க எதுக்குப் பொய் சொல்லப் போறாங்கன்னு. இப்ப அதுவும் ஆமாப்பா, எனக்குத்தான் கண்ணு சரியில்லைங்குது. பாலர் பள்ளியில டீச்சர் வேலைண்ணே. பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு ரோடு தாண்டவே இப்ப பயப்படுது. கண்ணாடிக் கடையில போய் கண்ணு செக் பண்ணிட்டு வந்துச்சு. எல்லாம் நல்லா இருக்குன்னுட்டாங்க.”

என் மனைவி காப்பித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கதவருகே நின்றிருந்தாள். அவள் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். அவளும் நான் சொல்லிவிடுவேன் என்று நினைத்திருப்பாள். அவர் காப்பியைக் குடித்துவிட்டு, “அக்கா, ரொம்ப சந்தோஷம்” என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனார். வெயிலில் பஸ் நிற்கும் இடம்வரை அவர் நடந்து போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றுகூட எனக்குச் சொல்லத் தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் அவள் கேட்டாள்.

“எப்பப் போய்ச் சொல்லலாம்?”

“என்ன சொல்லணும்?”

நானே பேசினேன். இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது, செத்தவர் வரப்போகிறாரா, பொய் வாக்குமூலம் கொடுத்தோம் என்று நம்மேல் கேஸ் போட்டால் என் வேலை போகும், உன் வேலை போகும், மகளுக்குக் கல்யாணம் பேசுகிற நேரம், தவிர நாம் பக்கத்தில் வந்ததால்தான் இடித்தது என்று யார் சொன்னது, கார் ஓட்டினவள் கொஞ்சம் பொறுத்துத் தாண்டியிருக்கலாம், வளைவில் யாராவது தாண்டுவார்களா. எல்லாம் ஞாயமான பேச்சுதான். கடைசியாகச் சொன்னதில் உண்மையும் இருந்தது. அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “நானும்தான் தலையாட்டினேன்” என்றாள். இரவுச் சாப்பாட்டுக்கு எனக்கு மட்டும் தட்டு வைத்தாள்.

மறுநாள் காலை மார்க்கெட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, வேலைக்கு வைத்திருக்கும் நீளமான அளவு நாடாவை எடுத்துக்கொண்டு யான் சாலைக்குக் காரில் போனேன். அந்த வளைவில் காரை நிறுத்தினேன். சுண்ணாம்புக் கோடு மழையில் கரைந்துவிட்டிருந்தது. வாய்க்கால் கரையில் சிமெண்டு பெயர்ந்த இடம் மட்டும் அப்படியே இருந்தது. வண்டி வராத நேரம் பார்த்து, நாடாவின் நுனியில் ஒரு கல்லை வைத்து, சாலையை அளந்தேன். மொத்தம் இருபது அடி. அவள் ஓட்டிய இடம் எனக்குத் தெரியும், கோட்டை ஒட்டியே போவாள். ஓரத்திலிருந்து மூன்று அடிக்குள் அவள். அவளுக்குப் பக்கத்தில் நான் வந்த பிறகு, என் வலது கை ஏழாவது அடியில். கார் ஆறு அடி அகலம். எங்களுக்கும் காருக்கும் நடுவே அந்தப் பெண் விட்ட இடைவெளி என்ன என்று யோசித்து, மூன்று என்று ஒரு தடவையும் நான்கு என்று ஒரு தடவையும் வைத்துக் கூட்டினேன். நான் பின்னால் இருந்திருந்தால் எதிரே வருகிறவருக்கு ஏழு எட்டு அடி இருந்திருக்கும். நான் பக்கத்தில் இருந்ததால் மூன்று நான்கு அடிதான் இருந்தது.

வேறு மாதிரி வராதா என்று மூன்று தடவை அளந்தேன். மோட்டாரில் போன ஒருவர் வேகத்தைக் குறைத்து, ரோட்டு இலாகா ஆளா, இந்த வளைவை எப்போது அகலப்படுத்தப் போகிறீர்கள் என்று கேட்டார். தெரியாது என்றேன். நாடாவைச் சுருட்டும்போது தகரம் விரலைக் கிழித்துவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது அவள் என் விரலைப் பார்த்தாள், கையிலிருந்த நாடாவைப் பார்த்தாள்.

“அளந்தீங்களா?”

“ஆமா.”

“இடம் இருந்திருக்குமா?”

“இருந்திருக்கும்.”

அவள் பிளாஸ்டரை எடுத்துவந்து என் விரலில் சுற்றினாள். “செவ்வாய்க்கிழமை லீவு சொல்லுங்க” என்றாள்.

செவ்வாய்க்கிழமை யான் பாலாய்க்குப் போனோம். அதே அதிகாரிதான் இருந்தார். நான் சொல்லச் சொல்ல அவர் ஃபைலை எடுத்துப் பழைய தாளைப் பார்த்தார். ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டார். பயம் என்றேன். பொய் வாக்குமூலம் குற்றம் என்று தெரியுமா என்றார். தெரியும் என்றேன். எங்களை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார். நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். கைது செய்யப் போகிறார்கள் என்றே நினைத்தேன், மகளுக்கு என்ன சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். பிறகு கூப்பிட்டு, புது வாக்குமூலம் எழுதி வாங்கிக்கொண்டு, மேலதிகாரி பார்ப்பார், தேவைப்பட்டால் கூப்பிடுவோம் என்றார்.

“அந்தப் பெண் மேல் கேஸ் இருக்காதா?” என்று என் மனைவி கேட்டாள்.

“எதிர்ப்பாதையில் போனது அந்தக் கார்தானே, காக்கா. அதை எந்த வாக்குமூலமும் மாற்றாது” என்றார்.

எங்களை அவர்கள் அதற்கப்புறம் கூப்பிடவே இல்லை. எனக்கு அபராதமும் இல்லை, எச்சரிக்கைக் கடிதமும் இல்லை. ஏதாவது வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

பாலாயிலிருந்து நேராக இறந்தவரின் வீட்டுக்குப் போனோம். என் மனைவி முன்கூட்டியே பிக்கப்காரரிடம் வழி கேட்டு வைத்திருந்தாள். கடலுக்குப் போகிற சின்னச் சாலையில், தென்னைகளுக்கு நடுவே, தூண் மேல் நிற்கும் பலகை வீடு. கணவர் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எங்களை யார் என்று அவருக்குத் தெரியவில்லை. மேலே கூப்பிட்டார், சிரப் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவர் வீட்டுத் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டுதான் நான் சொன்னேன். என் மலாய் தொழிற்சாலை மலாய். மெஷின் பற்றிப் பேச வரும், இதற்கெல்லாம் வராது. நான் சாலையின் நடுப்பக்கமாக, மனைவியின் பக்கத்தில், பறவையைக் காட்டிக்கொண்டு வந்தேன், அதனால் கார் உங்கள் மனைவியின் பக்கம் போயிற்று, போலீசிடம் பொய் சொன்னேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

அவர் கோபப்படவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. என் மனைவியைப் பார்த்துக் கேட்டார்.

“அவள் ஏதாவது பேசினாளா?”

என் மனைவி முக்காடு விலகியதையும் தான் சரிசெய்ததையும் சொன்னாள். நன்றி சொன்னார் என்றாள். மீன் கெட்டுப்போகும் என்று சொன்னார் என்றாள்.

“மீன் வந்தது” என்றார் அவர். “ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். அன்றைக்கு நாங்கள் எல்லாரும் ஆஸ்பத்திரியில் இருந்தோம். திரும்பி வந்து பார்த்தபோது வாசலில் நாற்றம். அவள் வாங்கியது என்று எனக்கு அப்போது தெரியாது. கொண்டுபோய்ப் புதைத்துவிட்டேன்.”

பிறகு அவர் எழுந்து நின்றார். சொன்னதைக் கேட்டுக்கொண்டேன், இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேருங்கள் என்றார். கை கொடுக்கவில்லை. படியிறங்கும்போது என் மனைவி ஒரு படி தவறி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் தொடப் போனேன், வேண்டாம் என்று தலையசைத்தாள்.

கேஸ் முடிந்ததைப் பாடாங் செராயில் இருக்கும் ஒரு கூட்டாளி வழியாகத்தான் கேள்விப்பட்டோம். அந்தப் பெண் குற்றத்தை ஒத்துக்கொண்டாளாம். அபராதம் கட்டினார்களாம், லைசன்சையும் கொஞ்ச காலத்துக்குப் பிடித்து வைத்துவிட்டார்களாம். எங்கள் இரண்டாவது வாக்குமூலத்தை யாராவது படித்தார்களா, அதனால் ஏதாவது குறைந்ததா என்று தெரியவில்லை. அவளுடைய அப்பாவுக்கு நான் இரண்டு தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. எடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்றும் தெரியவில்லை.

சைக்கிள்கள் பின்கட்டில் கிடந்தன. ஒருநாள் நான் வேலை முடிந்து வந்தபோது அவளுடையது அங்கே இல்லை. கேட்டேன். பழைய சாமான் லோரியில் போட்டுவிட்டேன் என்றாள். அவளுக்குச் சர்க்கரை மறுபடி ஏறிவிட்டது. இப்போது ஊசி போட்டுக்கொள்கிறாள். நாங்கள் நன்றாகத்தான் பேசிக்கொள்கிறோம், சாமான் வாங்குவது, கரண்ட் பில், மகளுக்கு வந்த வரன். நடந்து போகும்போது மட்டும், பாசாராக இருந்தாலும் கோயிலாக இருந்தாலும், என் பக்கத்தில் வரமாட்டாள். நாலடி முன்னால் போவாள், இல்லையென்றால் பின்னால் வருவாள். தெரிந்து செய்கிறாளா, தெரியாமலா என்று நான் கேட்டதில்லை.

போன மாதம் அவளுக்கு மருந்து வாங்க சுங்கைப் பட்டாணி ஆஸ்பத்திரியில் எண் எடுத்துக்கொண்டு காத்திருந்தோம். இரண்டு வரிசை முன்னால் அந்தப் பெண் தன் அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். மெலிந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் அம்மாவிடம் ஏதோ சொல்லிவிட்டு எழுந்து வந்தாள். நான் எழுந்து நின்றேன், ஏன் என்று தெரியாமல்.

“அங்கிள், நீங்க அப்புறமா போய் மாத்திச் சொன்னீங்கன்னு அந்தப் போலீஸ்காரர் எங்ககிட்ட சொன்னாரு.”

“ஆமாம்மா. நாங்க...”

“நான் பார்த்தது சரிதானே அங்கிள்? ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துலதானே வந்தீங்க?”

“ஆமா. நீ சரியாத்தான் பார்த்த.”

அவள் தலையாட்டினாள். கண்ணில் தண்ணீர் இல்லை, குரலிலும் கோபம் இல்லை.

“அதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம் அங்கிள்” என்றாள். “கேஸுக்காகச் சொல்லல. நான் இடிச்சதுதான், எனக்குத் தெரியும். ஆனா ஒன்றரை மாசமா எல்லாரும், எங்கப்பா உட்பட, நான் இல்லாததைப் பார்த்தேன்னு சொன்னாங்க. நானே நம்பிட்டேன்.”

என் மனைவி அவள் கையைப் பிடிக்கப் போனாள். அதற்குள் முன்னால் எண் மாறியது. அது அவர்களுடையது. அவள் போய் அம்மாவைக் கைகொடுத்து எழுப்பி, தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு கவுண்டருக்குப் போனாள். மருந்தை வாங்கி, ஒவ்வொரு பாக்கெட்டிலும் எழுதியிருந்ததை இரண்டு தடவை படித்துச் சரிபார்த்துவிட்டு, எங்களைத் திரும்பிப் பார்க்காமல் அடுத்த வாசல் வழியாக வெளியே போனாள். எங்கள் எண் வர இன்னும் இருபது பேர் இருந்தார்கள். உட்கார்ந்திருந்தோம்.